மனப்பாடமாகிப்போன பக்கம்

என் பெரியகுட்டிக்கு,

இவ்வளவு நேரங்கழித்து உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் அம்மாவை மன்னித்துவிடு. காலையில் எழுதலாம், கடையில் கூட்டமில்லாதபோது எழுதலாம் என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் வீடு அடங்கிய பிறகுதான் மேசை காலியாகக் கிடைத்தது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அங்கே நீயும் அப்படியே இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் தினமும் விளக்கை அணைக்கிறேன். அப்பாவுக்கு இந்த மாதம் மறுபடியும் ராத்திரி டியூட்டி, ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே போய் நின்றுகொண்டு அடம்பிடிக்கிறதாம், நம் வாலுவே தேவலை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வாலு உன் கட்டிலுக்கு மாறிவிட்டாள், தெரியுமா, அக்கா கட்டில் எனக்குத்தான் என்று சட்டமாகச் சொல்லிவிட்டாள், ஆனால் சுவர் பக்கம் உனக்கு என்று இன்னும் இடம் விட்டுத்தான் படுக்கிறாள். சமையலறைக் குழாய் பழையபடி சொட்டுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் தட்டச்சு செய்தால் பாதியில் அழித்துவிட்டு ஒரு பூப் படத்தை அனுப்பிவிடுகிறேன், பேசினாலோ நீயும் நானும் என்ன பேசுவோம் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன், எடுத்ததற்கு ஒரு காரணமும் இருக்கிறது, சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுமையாகப் படி.

போன வாரம் பேசும்போது நீ சொன்னாயே, 'என் அலமாரில இருக்கற கதைப் புத்தகமெல்லாம் யாருக்காவது குடுத்துடுங்கம்மா, சின்னப் பசங்க படிக்கறது அதெல்லாம், இடத்த அடைச்சிட்டு எதுக்கு' என்று, நானும் சரிம்மா என்றேன். புத்தகக் கடைக்காரரிடம் நீ சொல்லி வைத்திருந்த நாலாவது பாகம் வந்துவிட்டது என்று நான் சந்தோஷமாகச் சொன்னதற்கும், 'அதையும் சேத்துக் குடுத்துடுங்க' என்றாய், அதற்கும் சரிம்மா என்றேன். லீவுக்கு வரவில்லை, வேலை இருக்கிறது என்றாய், சரிம்மா. எத்தனை சரிம்மா பார். வாலுவின் பள்ளிக்கூட நூலக டீச்சரிடம் சொன்னேன், அவருக்கு ஒரே மகிழ்ச்சி, மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். பெட்டியில் அடுக்கலாம் என்று அலமாரி முன்னால் உட்கார்ந்தேன், எனக்குக் கை வரவில்லை. ஏனென்றால் உன்னிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. நீ போன நாளிலிருந்து அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாக நான்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சின்னப் பசங்க படிக்கறது என்று நீ சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, திருட்டுத்தனமாகப் பலகாரம் தின்றவள் மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

ஆரம்பித்தது இப்படித்தான். உன்னை வண்டியேற்றிவிட்டு வந்து உன் படுக்கை விரிப்பை உருவினேன், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு புத்தகம் விழுந்திருந்தது. அந்த அணைக்கட்டுக் கதை. அட்டையில் சுத்தியலோடு ஒரு பெண் முறைத்துக்கொண்டு நிற்பாளே, அது. தூசியைத் தட்டி வைத்துவிட்டுப் போயிருக்கலாம், வீடு அப்படி வெறிச்சென்று இருந்ததில் நின்றபடியே இரண்டு பக்கம் படித்தேன், பிறகு உட்கார்ந்தேன், வாலு பசிக்கிறது என்று வந்து உலுக்கியபோதுதான் அடுப்பு ஞாபகமே வந்தது. அது மூன்றாவது பாகம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அட்டையில் எங்குமே எண் போடவில்லை, நீ சிரிக்காதே. அந்த அணைச் சுவருக்குள்ளேயே ஒரு ஊர் இருப்பதும், காது கூர்மையாக இருக்கிற வயதுவரை பிள்ளைகள்தான் சுவரைத் தட்டித் தட்டி விரிசல் எங்கே என்று கேட்டுச் சொல்வதும், இருபது வயது நெருங்கும்போது எல்லோருக்கும் அந்தக் கூர்மை போய்விடுவதும், ஒன்றும் தெரியாமல் நட்ட நடுவில் போய் விழுந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது, அம்மாவோடு பேசுவதில்லை, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுகிறாள் என்பதுதான். எனக்கு வந்ததே கோபம். என்ன திமிர் இந்தப் பெண்ணுக்கு, அந்த அம்மா பாவம் என்ன செய்வாள், காது போய்விட்ட ஒருத்தியிடம் போய் விரிசல் கேட்கிறது கேட்கிறது என்றால் அவள் எதை வைத்து நம்புவாள் என்று நான் முழுக்க முழுக்க அம்மா கட்சி. அப்பாவிடம்கூடச் சொல்லிப் பொருமினேன், அவர் ஏதோ பக்கத்து வீட்டு விவகாரம் என்று நினைத்து, 'நமக்கெதுக்கு, நீ போய்த் தலையக் குடுக்காத' என்றார்.

அப்புறம்தான் முதல் பாகம் கிடைத்தது. அதில் அவளுக்குப் பதின்மூன்றுதான், அம்மாவின் சட்டை நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பின்னால் என்ன ஆகப் போகிறது என்று தெரிந்துகொண்டே முன்னால் நடந்ததைப் படிப்பது எப்படி இருக்கும் தெரியுமா, பழைய போட்டோவைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. அதில் ஓரிடம், அம்மா முதல் முறையாக அவளைச் சுவரிடம் கூட்டிப்போய் ஒரு தட்டு தட்டிவிட்டு, 'கேக்குதா, எனக்கும் கேக்குது' என்று சொல்லிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் ஒரே ஒரு வரி, அம்மா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள் என்று. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த அம்மாவுக்கு அப்போதே காது போய்விட்டது, பெரியகுட்டி. மகளின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டதாக நடிக்கிறாள். கதையில் அதை எங்கேயும் உடைத்துச் சொல்லவில்லை. நீ இதை முதலில் படித்தபோது உனக்கு வாலுவின் வயதைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும், அப்போது இதைக் கவனித்தாயா? எனக்கு இதைக் கேட்க வேண்டும் என்று எத்தனை மாதமாக நாக்கு துடிக்கிறது. நீ கவனித்திருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன், கவனிக்கவும் வேண்டியதில்லை, அந்த வயதில் நீ சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு போயிருப்பாய். ஒரே வரியில் உனக்கு ஒரு கதையும் எனக்கு ஒரு கதையும் இருக்கிறது. இதைச் சின்னப் பசங்க படிக்கறது என்று ஒதுக்கினால் எனக்கு வைத்திருந்த பாதியை யார் படிப்பது சொல்லு.

ஒன்றுவிடாமல் எல்லாமே பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். உன் அலமாரியில் சிலது படு மோசம். அந்தப் பனிமலைக் கதையில் ஒருத்தி இரண்டு பையன்களுக்கு நடுவில் நின்று முந்நூறு பக்கம் யோசிக்கிறாள், எனக்கெல்லாம் உன் அப்பாவைப் பற்றி யோசிக்க ஒரு டீ ஆறுகிற நேரம்தான் கொடுத்தார்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அப்புறம் இந்தக் கதைகளில் அம்மாக்களின் பாடு ரொம்பத் திண்டாட்டம். ஒன்று, கதை தொடங்கும் முன்பே செத்துப்போய்விடுகிறார்கள், இல்லையென்றால் காணாமல் போய்விடுகிறார்கள், அதுவும் இல்லையென்றால் உயிரோடு இருந்து ஒன்றும் புரியாமல் விழிக்கிறார்கள். ஏன் இப்படி என்று வாலுவிடம் கேட்டேன், அது கொஞ்சமும் யோசிக்காமல், 'அம்மா இருந்தா எப்டிம்மா கதை நடக்கும், இருட்டிடுச்சு வெளில போகாத, ஸ்வெட்டர் போட்டுக்கோன்னு சொல்லிட்டே இருந்தா உலகத்த யாரு காப்பாத்தறது' என்றது. அப்பாவும் சும்மா இருக்கவில்லை, 'ஊர்ல எல்லாரும் வயசாக வயசாக சாமி புத்தகம் படிப்பாங்க, உங்கம்மா ரிவர்ஸ்ல போறா' என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஆனால் எனக்கு அது கொஞ்சம் உண்மைதான் என்று தோன்றியது. உன் வயதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கல்லூரி இரண்டாம் வருடத்தில் கல்யாணம், இறுதித் தேர்வுக்கு ஒளியியல் பாடத்தை உன்னை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே படித்தேன், கையெழுத்தெல்லாம் தாளம் போட்டுக்கொண்டு போகும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்த மடிக்கு ஈடாக எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். இருந்தாலும் பதினேழுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு, நான் யார், எனக்கு என்ன வேண்டும், யாரோடு சண்டை போட வேண்டும் என்று யோசிக்கிற வயது ஒன்று இருக்கிறதே, அந்த ஸ்டேஷனில் என் ரயில் நிற்காமலே வந்துவிட்டது. இப்போது முப்பத்தொன்பதில், உன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அந்த ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் காலாற நடக்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம்?

நான் மட்டும் நடக்கவில்லை, அதுதான் வேடிக்கை. கடைக் கதையைச் சொல்கிறேன் கேள். நம் கண்ணாடிக் கடையில் வெள்ளெழுத்துக்காரர்கள் வந்தால் படிக்கச் சொல்லி ஒரு அட்டை கொடுப்போமே, மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து, அது டீ கொட்டிப் பாழாகிவிட்டது. கொட்டியது முதலாளிதான், ஆனால் டீ தானாகவே கொட்டிக்கொண்ட மாதிரி பேசுவார். புது அட்டை வரும் வரும் என்று வரவேயில்லை. அதனால் என் கையில் இருந்த முதல் பாகத்தையே நீட்ட ஆரம்பித்தேன், எழுத்தும் பொடியாகச் சரியான அளவில் இருந்தது. எந்தப் பக்கம் என்று தேட வேண்டிய வேலையே இல்லை, நீ எத்தனை முறை அந்தப் பக்கத்தை விரித்துக் கவிழ்த்துப் படுத்தாயோ, கையில் எடுத்தால் புத்தகம் தானாக அங்கேதான் திறக்கிறது. அவள் சுவரின் உச்சியில் நிற்பாளே, பின்னால் ஆட்கள், கீழே கறுப்பாகத் தண்ணீர், உள்ளே குதித்துக் கேட்டால்தான் விரிசல் இருக்கிற இடம் தெரியும், குதிக்கப் போகிறாயா என்று தோழி கேட்பாள், 'அவள் கண்ணை மூடிக்கொண்டு' என்று பாதி வாக்கியத்தில் பக்கம் முடிந்துவிடும். வருகிறவர்கள் எல்லாம் நாற்பது தாண்டியவர்கள், வீட்டுக் கடன், முட்டிவலி, பிள்ளை படிப்பு என்று ஆயிரம் கவலையோடு வருகிறவர்கள். அந்தப் பாதி வாக்கியத்தில் வந்து நின்றதும் ஒவ்வொரு முகத்தையும் நீ பார்க்க வேண்டும். பக்கத்தைத் திருப்பக் கை போகும், நான் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொள்வேன்.

அதில் ஒருத்தர் பஸ் டிரைவர், நல்ல கனத்த குரல், அந்தப் பக்கத்தை நிறுத்தத்தின் பெயர் சொல்லுகிற மாதிரி உரக்கப் படித்தார். நான் புத்தகத்தை வாங்கியதும், 'என்னம்மா இது, இப்டி நடுவழில எறக்கி விடறீங்களே, குதிச்சிச்சா இல்லையா அந்தப் பொண்ணு?' என்று சண்டைக்கு வந்துவிட்டார். கண்ணாடி வாங்க வரும்போது சொல்கிறேன் என்றேன். சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து நின்றார். அப்புறம் டியூட்டி முடிந்து போகும்போதெல்லாம் பிடி தளர்ந்துவிட்டது, மூக்கில் அழுத்துகிறது என்று ஏதாவது ஒரு சாக்கோடு வருவார், பெஞ்சில் உட்கார்ந்து நாலு பக்கம் படிப்பார், படிக்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர் உச்சிப் பக்கத்தை ஒரு தரம் படித்துவிட்டுத்தான் மேலே போவார், வண்டியை டிப்போவிலிருந்துதானே எடுக்க வேண்டும் என்பார். முதலாளி, 'இது கண்ணாடிக் கடையா வாசகசாலையா, ஒரு போர்டு மாட்டிடலாமா' என்று குத்துவார், பிறகு நான் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் அவரே அடையாளத்துக்கு ரசீதுத் துண்டு வைத்துப் படிக்கிறார், அந்தத் துண்டு தினமும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். நான் கண்டுகொள்ளவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சமீபத்தில் டிரைவர் வந்து, படிக்கும்போது மங்கலாக இருக்கிறது, பவர் மாறிவிட்டதோ என்றார். முதலாளி வெளியே போயிருந்தார். நானே பவர் பார்க்கிற சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி லென்ஸைப் போட்டு, வழக்கம்போலப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். தங்குதடை இல்லாமல் கடகடவென்று படித்தார். சரியாக இருக்கிறதா என்றேன், தெளிவா இருக்கு என்றார். அந்தப் பவரிலேயே கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார், மண்டை வெடிக்கிறது, டியூட்டி சார்ட்டில் ஒரு எழுத்தும் தெரியவில்லை என்று. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசைமேல் கிடந்த புத்தகத்தை எடுத்து ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து, 'எங்க, படிங்க' என்று அவர் கையில் கொடுத்தார். டிரைவர் பிசிறில்லாமல் படிக்கிறார், சுவர் உச்சி, கறுப்புத் தண்ணீர், தோழி. நானும் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டு நிற்கிறேன். முதலாளிதான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, 'யோவ், இதுல அப்டி எதுவுமே இல்லையேய்யா' என்றார். பார்த்தால் அது இரண்டாம் பாகம், பக்கத்திலேயே கிடந்ததை அவர் மாற்றி எடுத்துவிட்டார். டிரைவர் கையில் வேறு புத்தகம், வாயில் நம் பக்கம். கடை முழுக்கச் சிரிப்பு. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை, பாவம் ரொம்பக் கூசிப்போய், 'பொய் சொல்லலம்மா, சத்தியமா எனக்குக் கண்ணால பாத்த மாதிரியேதான் இருந்துச்சு' என்றார். முதலாளி எனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார், 'காலேஜ்ல ஒளியியல் படிச்சவங்க செய்யற காரியமா' என்பதில் ஆரம்பித்தார், மிச்சத்தை விடு. லென்ஸை மாற்றிக் கொடுத்தாகிவிட்டது, டிரைவருக்குத் தலைவலி போய்விட்டது, புது அட்டையும் வந்துவிட்டது.

ஆனால் அந்த ஒரு பேச்சு என்னோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்துவிட்டது. கண்ணால் பார்த்த மாதிரியேதான் இருந்தது. அன்று சாயங்காலம்தான் நீ மறுபடியும் பேசினாய். நல்லா இருக்கேம்மா, சாப்டேம்மா, படிப்பு போகுதும்மா, தூங்கணும்மா வச்சிடறேன். நான் சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ என்றேன். போனை வைத்ததும் அப்பா, 'இப்பல்லாம் அவ சிரிக்கறதே இல்லையே, கவனிச்சியா' என்றார். அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறாள், எனக்குத் தெரியாதா என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன், குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக நான் உன்னைப் படிக்கவே இல்லை, பெரியகுட்டி. நீ வாயைத் திறக்கும் முன்பே எனக்கு அடுத்த வரி தெரிகிறது, நீ நல்லா என்றதும் இருக்கேம்மா என்பதை நானே சொல்லி முடித்துக்கொள்கிறேன், உன் குரலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒருவேளை கையில் இருப்பது வேறு புத்தகமாக இருந்தால்? நீயும் அந்த நாலு வாக்கியத்தை எனக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்தால்?

அதனால் இந்த முறை எழுத்தெழுத்தாகப் பார்க்கிறேன், தப்பாகப் படித்தால் திருத்து. அந்தப் புத்தகங்களைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியவள், மழையில் உன் தலை நனைந்தாலும் பரவாயில்லை என்று புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடி வந்தவள், நாலாவது பாகத்துக்கு வருடக்கணக்கில் காத்திருந்து ஊரை விட்டுப் போகும் நாளில்கூடக் கடைக்காரரிடம் போய் ஞாபகப்படுத்திவிட்டுப் போனவள், அவள் திடீரென்று சின்னப் பசங்க படிக்கறது என்று சொல்கிறாள் என்றால் அது அவள் வார்த்தை மாதிரி எனக்குக் கேட்கவில்லை. யாரோ சொன்னதைத்தான் நீ திருப்பிச் சொல்கிறாய் என்று தோன்றுகிறது. விடுதி அறையில் யாராவது சிரித்தார்களா? இந்த வயதில் இதையா படிக்கிறாய் என்று கேட்டார்களா? கேட்டிருந்தால், அம்மா சொன்னாள் என்று சொல்லாதே, ஒரு பஸ் டிரைவர் சொன்னார் என்று சொல்லு, அந்தப் பெண் குதித்தாளா இல்லையா என்று தெரியாமல் அவருக்கு ஸ்டீயரிங் பிடிக்க முடியவில்லையாம். இல்லை, அதெல்லாம் ஒன்றுமில்லை, நிஜமாகவே உனக்கு அந்தக் கதைகள் சலித்துப்போய்விட்டன, நீ வளர்ந்து வேறு பக்கம் நடக்கிறாய் என்றால் அதுவும் நல்லதுதான், எனக்குக் கொஞ்சம் வலிக்கும், வலித்தால் வலிக்கட்டும், புத்தகங்களை டீச்சரிடம் தூசி தட்டிக் கொடுத்துவிடுவேன். அதுவும் இல்லாமல் வேறு ஏதாவது என்றால், பாடம் ஏதாவது கை நழுவிவிட்டது, யாரோடாவது மனஸ்தாபம், அங்கே இருக்கவே பிடிக்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத்தான் லீவுக்கு வரவில்லை என்றால், அதற்கு மட்டும் நான் சரிம்மா சொல்ல மாட்டேன். எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் கதவு திறக்கும். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், அப்படியே சொன்னாலும் ராத்திரி டியூட்டிக்குப் போய்விடுவார்.

நாலாவது பாகம் ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது, வாலுவுக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான், நாற்காலி போட்டால் எட்டும் என்று அதற்கு இன்னும் தோன்றவில்லை. சுற்றியிருக்கிற காகிதத்தை நான் பிரிக்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. அப்பா ஒரு நாள் எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார், உள்ளே என்ன கேட்கும் என்று நினைத்தாரோ. முதலாளி, 'அந்தப் பார்சல பிரிச்சாச்சா' என்று யாருக்கோ கேட்பதுபோலக் கேட்கிறார். டிரைவர் நேரடியாகவே, 'உங்க பொண்ணுக்கு ஒரு போன் போட்டு பர்மிஷன் வாங்குங்கம்மா' என்கிறார். எல்லோரிடமும் ஒரே பதில், அது என் பெரியவளுடையது, அவள் சொல்லாமல் பிரிக்க மாட்டேன். மூன்றாம் பாகம் எங்கே நின்றது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு தட்டுகிறாள், தட்டிக்கொண்டே இருக்கிறாள், இந்தப் பக்கம் அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, கடைசியில் அந்த அம்மா உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைக்கிறாள், கைக்குள் மெதுவாக ஏதோ அதிர்கிறது. அத்தோடு முடிந்துவிட்டது. முதல் தடவை, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாமல் படித்தபோது, இதென்ன இப்படி மொட்டையாக விட்டுவிட்டார்கள் என்று எரிச்சல்பட்டேன். இப்போது மூன்றையும் வரிசையாகப் படித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அந்த அம்மாவை என்னால் குறை சொல்லவும் முடியவில்லை, அந்தப் பெண்ணையும் முடியவில்லை. காது போனால் போகட்டும், கை இருக்கிறது. நீ எந்த மாதிரி தட்டினாலும் சரி, கோபமாகத் தட்டினாலும் சரி, நான் இந்தப் பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

உறைக்குள் உன் கண்ணாடிக்கு மூக்கில் படுகிற அந்தச் சின்னப் பட்டைகள் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன், பழையது மஞ்சளாகிப்போயிருக்கும், நகத்தால் நெம்பினால் வந்துவிடும், வலுவாக இழுக்காதே. காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு ஓடாதே. ஈரத் தலையோடு ஜன்னல் ஓரத்தில் படுக்காதே. இருட்டிய பிறகு, சரி, வாலு சொன்னது ஞாபகம் வந்துவிட்டது, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், போய் உலகத்தைக் காப்பாற்று, ஆனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காப்பாற்று. நீ எங்கே நின்றாலும் கால் வழுக்காமல் இருக்கட்டும், எடுத்த காரியம் எதுவானாலும் உன் மனசுக்கு ஒத்ததாக இருக்கட்டும், நல்ல தூக்கமும் நல்ல சிநேகமும் உன்னைத் தேடி வரட்டும். டீச்சர் மாதக் கடைசியில் வருகிறார், ஞாபகம் வைத்துக்கொள், அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். பிரிக்கவா, அனுப்பவா, கொடுத்துவிடவா, இல்லை நீ வரும்வரை ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கட்டுமா, எதுவானாலும் சொல்லு. நல்லா இருக்கேன் என்று மட்டும் எழுதாதே, அது எனக்கு மனப்பாடம். அதற்கு அடுத்த வரி என்னவோ, அதை எழுது. சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா